மூன்று சாமிக்கு ஒரு பரிவட்டம்

சிற்றாலம்பட்டில் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று காலை, கோயில் முன்மண்டபத்து மேல்கூரைக் கல்லில் எட்டுத் திசைக்கு எட்டுப் பேராகச் செதுக்கி வைத்திருந்த சாமிகளில் மூன்று பேர் கீழே இறங்கி வந்து, கொடிமரத்துப் பக்கத்தில் நின்று, எங்களில் யாருக்கு முதல் மரியாதை என்று கேட்டார்கள். மற்ற ஐந்து பேர் இறங்கவில்லை. எமன்கூட இறங்கவில்லை, எந்த வரிசையில் வைத்தாலும் கடைசியில் எல்லாரும் தன்னிடம் வந்தாக வேண்டும் என்கிற நிம்மதி அவருக்கு. கூரையில் மூன்று பேர் இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி வெறுமனே கிடந்தது. மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், கூட்டின இடத்தில் மறுபடி தூசி விழுந்துவிட்டதே என்று முகம் சுளித்தார்கள், மறுபடி கூட்டினார்கள்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஏன் படணும்? முதல் மரியாதை கேட்டு யாராவது வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பது எங்கள் ஊரில் வெயில் அடிப்பது மாதிரி. தேர் இழுக்கும் முன்னால் சாமி மேல் சாத்தின பட்டுத்துணியை எடுத்து ஒரு ஆளின் தலையில் கட்டி, கற்பூரம் காட்டி, விபூதி கொடுப்பார்கள். அந்தத் துணிக்குப் பரிவட்டம் என்று பெயர். ஒரு முழம்கூட இருக்காது. குழந்தைக்குக் கோவணம் தைக்கக் காணாது. அது முதலில் கீழத்தெரு ஏகாம்பரத்தின் தலைக்கா, மேலத்தெரு சபாநடேசனின் தலைக்கா என்று தீராமல்தான் தேர் பதினோரு வருஷமாகத் தகரக் கொட்டகைக்குள் நின்று கரையான் அரித்துக் கிடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் மூன்று சாமி வந்து அதையே கேட்டால் யாருக்கு என்ன அதிசயம். நம்ம ஆளுங்கதான் என்று எல்லாருக்கும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முதலில் நின்றவர் இந்திரன். நல்ல தாட்டியான ஆள். வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். வச்சிராயுதத்தைக் குடை மாதிரி ஊன்றிக்கொண்டு, மீசையைத் தடவித் தடவிப் பேசுவார். அடுத்தவர் வருணன், ஒல்லி, நெட்டை, கையில் சுருட்டிய கயிறு, யார் என்ன பொய் சொல்கிறார்கள் என்று கண்ணை இடுக்கிக்கொண்டே இருப்பவர். எங்கள் ஊரில் அந்த வேலை பார்த்தால் ராத்திரி பகல் தூக்கம் இருக்காது, அவருக்கும் இல்லை. மூன்றாவது அக்கினி. குள்ளம். செம்பட்டைத் தாடி. வாயைத் திறந்தால் ஏழு நாக்கு, ஏழும் ஒரே நேரத்தில் தன்னைப் பற்றியே பேசும்.

இந்திரன் கிழக்குத் திசைக்காரர் என்பதால் கீழத்தெரு அவரை மேளத்தோடு அழைத்துக்கொண்டு போனது. வருணன் மேற்கு, அவரை மேலத்தெரு இரண்டு மேளத்தோடு அழைத்துக்கொண்டு போனது. அக்கினிக்கு உண்டானது தென்கிழக்கு மூலை. அங்கே தெருவே கிடையாது. குளத்துக்கும் களத்துக்கும் நடுவில் பதினாலு வீடு, அதில் ஒன்று எங்கள் வீடு. திருவிழாவில் எங்கள் மூலைக்கு என்று இருக்கிற மரியாதை பந்தலுக்குக் குழி தோண்டுவதும் சாப்பிட்ட இலையை எடுப்பதும்தான். அதனால் அக்கினியை அழைத்துக்கொண்டு போக மேளம் வரவில்லை, என் வீட்டுக்காரர் தணிகாசலம் மட்டும் வந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

"அஞ்சுகம், யாரு வந்திருக்காங்க பாரு. நம்ம சாமி. நம்ம மூலைச் சாமி. இனிமே நமக்கும் தலையில துணி உண்டு."

நான் இடுப்பில் குழந்தையோடு ஒதுங்கி நின்று பாயை விரித்தேன். என் மாமியார்தான் பேசினார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா சாமி?"

"தண்ணியா? எனக்கா?" என்றார் அக்கினி. மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உட்காரும் முன்னாலேயே அவர் தன் கதையைத் தொடங்கிவிட்டார். முதல் வேதத்தில், முதல் பாட்டில், முதல் சொல்லே தன் பெயர்தானாம். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஏழு நாக்கும் கேட்டன. நான் ஏழாம் வகுப்பு பாதி வரைக்கும் போனவள். எங்கள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் முதல் பெயர் எப்போதும், முதல் நாளே வந்து சேர்ந்த அபூர்வம் என்கிற பெண்ணுடையது, அவள் ஒருநாளும் கணக்கு போட்டதில்லை. ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது. பாயின் ஓரத்தைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அங்கே கீழத்தெருவில் இந்திரன் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேதத்தில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டு இருக்கிறதாம், அதில் கால்வாசி, கிட்டத்தட்ட இருநூற்றைம்பது பாட்டு, அவருக்கு மட்டும். மழையை அடைத்து வைத்திருந்த பாம்பைக் கொன்றது அவர். அப்புறம் கோயிலைக் கையால் காட்டி, "உள்ளே கருவறையில உட்கார்ந்திருக்கானே, அவனுக்கு எங்க காலத்துல மூணே பாட்டு. அதுலயும், கோவிச்சுக்காதே, எங்க மாட்டை அடிக்காதே, தள்ளியே இருன்னுதான் பாடினாங்க. அந்தப் பக்கத்துக் கோயில்ல படுத்திருக்கானே, அவன் எனக்கு ஒத்தாசைக்கு வந்தவன். மூணு அடி நடந்தான், அதைச் சொல்லிச் சொல்லியே இவ்வளவு பெரிய ஆளாயிட்டான்" என்றார்.

கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் விரலுக்கு நடுவில் இடைவெளி விட்டுத்தான் பொத்தினார்கள். ஏகாம்பரம் மட்டும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அது அந்தக் காலம் சாமி. காலம் மாறும், பெரியவங்க சின்னவங்க ஆவாங்க, சின்னவங்க பெரியவங்க ஆவாங்க" என்றாராம்.

"அப்படியா? அப்ப உன் தெரு மட்டும் எப்படி எந்தக் காலத்துலயும் முதல்?"

பதில் வராதபோது எங்கள் ஊர் ஆம்பளைகள் செய்வதை ஏகாம்பரமும் செய்தார்: கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னார். சோமம் இருக்கிறதா என்று இந்திரன் கேட்க, அது இப்போது வருவதில்லை, இதுதான் வருகிறது என்று அடுப்பு நெருப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்றோடு இந்திரன் கீழத்தெருவை விட்டு அசையவில்லை.

கருவறைக்குள் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் இரண்டு தெருவும் கூடி ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றுதான். இந்திரனும் வருணனும் முதலா இரண்டாவதா என்று பிறகு பேசிக்கொள்ளலாம், அக்கினி மூன்றாவது, அதில் மாற்றம் இல்லை என்றார்கள். செய்தியைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர்தான். அக்கினி கேட்டார். தாடியைத் தடவினார். பிறகு ஏழு நாக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு வாயை மூடினார். என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலை அந்த நிமிஷமே அடங்கிப்போயிற்று.

"இனிமே எரிய மாட்டேன். எனக்கு முதல் மரியாதை நடக்கிற வரைக்கும் இந்த ஊர் எல்லைக்குள்ள எரிய மாட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க சாமி!" என்று என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டினார். "விட்டுக்கொடுக்காதீங்க!"

அப்புறம் சிற்றாலம்பட்டில் நெருப்பு இல்லை. தீக்குச்சியை உரசினால் மருந்து உதிர்ந்தது, குச்சி குச்சியாகவே இருந்தது. கேஸ் அடுப்பு உஸ்ஸென்று மூச்சு மட்டும் விட்டது. கரண்டு அடுப்பை வைத்திருந்த டீச்சர் வீட்டில் அதுவும் ஐஸ் மாதிரி கிடந்தது. கரண்டுக் கம்பத்து வேலைக்காரர் வந்து தொட்டுப் பார்த்து, உள்ளே இருக்கிறதும் அவர்தானே என்று கைவிரித்துவிட்டுப் போனார். வெயில் மட்டும் அடித்தது. அது வேறு இலாகா என்று அக்கினி சொல்லிவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து தீப்பந்தம் கொண்டுவந்தால் எல்லைக்கல்லைத் தாண்டும்போது அணைந்தது. சமைத்ததைக் கட்டிக்கொண்டு வந்தால் கல்லைத் தாண்டினதும் இட்லி மாவாகி, சோறு அரிசியாகி, பரோட்டா மைதாவாகி பையின் அடியில் கொட்டிக் கிடந்தது. மேலத்தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போய், எரிக்கிற வழக்கமுள்ள வீட்டு ஆளான அவரைப் புதைத்தார்கள். புதைத்துவிட்டு வந்து, குழி வெட்டினதில் யார் வீட்டு மண்வெட்டி முதல் என்று ஒரு சண்டை.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. ஒரு வாரத்தில் அவலுக்குத் தெருவுக்கு ஒரு கடை வந்தது. கத்திரிக்காயைப் பச்சையாகத் தின்கிற விதம் பற்றிப் பொம்பளைகள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஆம்பளைகளுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. காலையில் எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே எல்லைக்கல் வரைக்கும் போவார்கள், கல்லைத் தாண்டினதும் வண்டி கிளம்பும், பக்கத்து ஊர் ஓட்டலில் சுடச்சுடத் தோசை தின்று, டீ குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, சாமி காரியத்தில் பொறுமை வேண்டும் என்பார்கள். நாங்கள் போகக் கூடாது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்ப் பொம்பளைகளும் குழந்தைகளும் எல்லை தாண்டக் கூடாது, தாண்டினால் சாமிக்குத்தம். ஆம்பளைகள் தாண்டினால்? அது வேலையாகப் போவதாம். தோசை தின்பது என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் குழந்தை அல்லிக்கு அப்போது பத்து மாதம். எனக்குப் பால் வற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெருப்பு நின்றதும் மாவு டப்பாவில் இருந்தது, கஞ்சி இல்லை. பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றால் போயிற்று. காய்ச்சாத எருமைப்பாலைக் கொடுத்தால் கக்கினாள். ஊறின அவலையும் வாழைப்பழத்தையும் பிசைந்து வைத்தால் நாக்கால் தள்ளினாள். அங்கன்வாடித் தராசில் காப்புக்கு முந்தி ஏழே கால் கிலோ இருந்தவள், முதல் வாரம் ஆறே முக்கால், இரண்டாம் வாரம் ஆறு கிலோ நூறு. அங்கன்வாடி டீச்சர் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் இறங்கக் கூடாது அஞ்சுகம். கொதிச்ச தண்ணியில எதாவது கொடு."

"கொதிச்ச தண்ணிக்கு எங்க போவேன் டீச்சர்."

அவர் தராசுத் துணியை மடித்து வைத்தார். அவருக்கும் வீட்டில் ரெண்டு பிள்ளை இருந்தது.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரரிடம், குழந்தையை எங்கம்மா ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் கேட்டது அதுதான் முதல்.

"இப்பவா? நம்ம வீட்டுலயே சாமி இருக்கும்போதா? நீ எல்லை தாண்டினா மேலத்தெருக்காரன் என்ன சொல்வான், அக்கினி மூலைக்காரன் பொண்டாட்டியே காப்பை மீறிட்டான்னு சொல்லி, உள்ளதும் போயிடும். இன்னும் நாலு நாள் பொறு. வெள்ளிக்கிழமை அமைதிக் கூட்டம். தாசில்தார் வராரு."

"புள்ளை இளைச்சிட்டே போகுதுங்க."

"நம்ம பாப்பாவுக்காகத்தான்டி இதெல்லாம். நாளைக்கு அவளை, பரிவட்டம் கட்டினவன் மகள்னு சொல்வாங்க."

அக்கினி பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அதற்குள் இளைத்துப்போயிருந்தார், தாடி தொங்கிப்போய், வந்த உயரத்தில் பாதி. அதைக் கவனித்தது நான் மட்டும்தான், என் வீட்டுக்காரர் எப்போதும் அவர் முகத்துக்கு மேலே, பரிவட்டம் கட்டப்போகிற இடத்தைத்தான் பார்த்தார்.

தெருக்களிலும் அதே கதைதான். ஊரே அவல் தின்று பிழைத்தது, ஆனால் இந்திரனுக்கும் வருணனுக்கும் அந்த வழியும் இல்லை. எந்தச் சாமிக்குக் கொடுப்பதானாலும் நெருப்பில் போட்டு அக்கினியின் வாய் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும், அது அவர்களுக்குள் இருந்த பழைய ஏற்பாடு. யாருக்கு இருநூற்றைம்பது பாட்டு, யார் ராஜா என்றெல்லாம் பேசினவர்கள், தங்கள் வாயே மூன்றாவது ஆளிடம் இருப்பதை மறந்துவிட்டார்கள். இந்திரனின் வயிறு உள்ளே போய் வேட்டி நழுவ ஆரம்பித்தது. ஒரு கையில் ஆயுதம், ஒரு கையில் வேட்டி என்று நடந்தார். வருணன் கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் முடியாமல், குளத்துப் படியில் சுருண்டு படுத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம், "நீ பொய்தானே சொல்றே" என்று முனகிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்துச் சொன்னாலும் அது சரியாகத்தான் இருந்தது.

அமைதிக் கூட்டம் முன்மண்டபத்தில் நடந்தது. பொம்பளைகள் தூணுக்குப் பின்னால். தாசில்தார் மேசை போட்டு உட்கார்ந்து, மூன்று சாமிக்கும் மூன்று நாற்காலி போடச் சொன்னார். நாற்காலியை எந்த வரிசையில் போடுவது என்பதில் முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் வட்டமாகப் போட்டார்கள், அதில் யார் முகம் வாசலைப் பார்க்கிறது என்று கால் மணி நேரம்.

"சரி. அவங்கவங்க ஆதாரத்தைச் சொல்லுங்க" என்றார் தாசில்தார்.

"முதல் சொல்" என்றார் அக்கினி.

"இருநூற்றைம்பது" என்றார் இந்திரன், வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

வருணன் மெதுவாக எழுந்தார். "பாட்டை எண்ணுறது சந்தைக்காரன் வேலை. சூரியனுக்குப் பாதை போட்டவன் நான். என்னை ராஜான்னு கூப்பிட்டாங்க. இவன் அப்புறம் வந்தவன். என் இடத்துல இவன் உட்கார்ந்தான்."

"உட்கார வச்சாங்க, உட்கார்ந்தேன்" என்றார் இந்திரன்.

"எங்க சாமி ராஜா!" என்று சபாநடேசன் எழுந்தார்.

"எங்க சாமி பாம்பை அடிச்சவரு! உங்க சாமி கயிறு திரிச்சவரு!" என்று ஏகாம்பரம் எழுந்தார்.

தாசில்தார் பேனாவை மூடினார். எங்கள் ஊருக்கு எட்டாவது தடவையாக வருகிறவர் அவர். தீர்ப்பு எழுதியே கொண்டுவந்திருந்தார். மூன்று சாமிக்கும் ஒரே நேரத்தில், போலீஸ்காரர் விசில் ஊதினதும், மூன்று பேர் மூன்று பரிவட்டம் கட்ட வேண்டியது. மூன்று பேரும் முதல். மூன்று பேரும் கடைசி. கையெழுத்துப் போடுங்கள்.

கையெழுத்துப் போட்டார்கள். துணி வந்தது. தட்டு வந்தது. தட்டில் கற்பூரம் வந்தது. அப்போதுதான் குருக்கள் நின்றுபோய்விட்டார்.

"கற்பூரம் காட்டாமப் பரிவட்டம் கட்டற வழக்கம் இல்லையே."

எல்லாரும் அக்கினியைப் பார்த்தார்கள்.

"மரியாதை நடந்தாத்தான் எரிவேன்" என்றார் அக்கினி.

"எரிஞ்சாத்தானே மரியாதை?" என்றார் குருக்கள்.

"நடந்தாத்தான்."

"எரிஞ்சாத்தான்."

பத்தொன்பது நாளாக ஊரில் நெருப்பு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், கற்பூரத்துக்கு நெருப்பு வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், இரண்டையும் சேர்த்து யோசித்தவர் கையெழுத்துப் போட்ட முப்பத்திரண்டு பேரில் ஒருத்தர் இல்லை. போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். தாசில்தார் செல்போன் வெளிச்சத்தைக் காட்டிப் பார்க்கலாமே என்றார். குருக்கள் தட்டில் செல்போனை வைத்து ஒரு சுற்றுச் சுற்றியும்விட்டார். அது கீழத்தெருக்காரன் செல்போன் என்று மேலத்தெரு கத்தியது. இரண்டாவது சுற்றில் அதற்கு யாரோ போன் செய்ய, சினிமாப் பாட்டு அடித்தது. கூட்டம் வேறு தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

தூணுக்குப் பின்னால் என் தோளில் அல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளா என்று அடிக்கடி மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தோசைக்குப் போய்விட்டார். மாமியார் குளத்துக்குப் போயிருந்தார். அல்லி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முந்தின நாள் வரைக்கும் அழுதாள். அன்றைக்குக் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டபடி இருந்தாள். சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் அக்கினி உட்கார்ந்திருந்தார். இரண்டு வயதுப் பிள்ளை உயரம்தான் இருந்தார். அடுப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்த வரட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து எச்சில் விழுங்கினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவர் சும்மா இருக்கவில்லை, பட்டினி கிடக்கிறார். எரிவது என்றால் இவருக்குச் சாப்பிடுவது.

"ஏம்மா" என்றார் குரல் எழும்பாமல். "நான்தான் முதல்னு ஒரு தடவை சொல்லு. நீ சொன்னாப் போதும். எரிஞ்சிடறேன்."

சொல்லியிருக்கலாம். என்ன செலவு. இந்த வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், வேகாத பருப்பை வெந்தது என்று சொல்லியிருக்கிறேன், பசிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இருபது நாள் ஒரு குழந்தையின் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு, ஒரு வார்த்தைக்குக் கையேந்துகிற அந்த மூஞ்சியைப் பார்த்தபோது எனக்கு வாயில் வார்த்தைக்குப் பதில் துப்பல்தான் ஊறியது. முதலாம். இவர் முதல் என்றால் இரண்டாவது யார், மூட்டைப்பூச்சியா?

நான் அல்லியைப் பாயில் கிடத்தினேன். தண்ணீர் அண்டாவை அடுப்புக்கு முன்னால் இழுத்தேன். வரட்டி ஒன்றை எடுத்து அவர் பார்க்கும்படி அண்டாவில் முக்கினேன். சாணம் கரைந்து தண்ணீர் பச்சையானது.

"என்ன செய்யறே?"

இன்னொன்றை எடுத்து முக்கினேன்.

"அது நல்லாக் காய்ஞ்ச வரட்டிம்மா. ரெண்டு மாச வெயில் அதுல இருக்கு."

மூன்றாவது. நாலாவது. பிறகு தென்னம்பாளை, நுனியில் பஞ்சு மாதிரி உலர்ந்து கிடந்த பாளை. அதை நான் எடுத்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். ஏழு நாக்கும் தன்னால் வெளியே வந்தன.

"அதை நனைக்காதே. ஐயோ, அதை நனைக்காதே தாயே."

"நீங்க எத்தனாவதா இருந்தா எனக்கு என்ன" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பசியில செத்தா இந்த மூலையிலேயே செத்துக் கிடங்க. கூட்டி அள்ளச் சாம்பல்கூட இருக்காது."

பாளை தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு விரல் உயரத்தில், முதல் வேதத்தின் முதல் சொல் பாய்ந்து வந்து அதன் நுனியைக் கவ்வியது. தெருநாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி. நான் பாளையை அடுப்புக்குள் தள்ளினேன், மேலே மீதி இருந்த வரட்டிகளை அடுக்கினேன், குடத்து நல்ல தண்ணீர் ஊற்றிப் பானையை வைத்தேன். கண் எரியப் புகை வந்தது. அழுதேன், புகையால்தான்.

"இப்ப சொல்லு" என்றார் பானைக்கு அடியிலிருந்து, வாய் நிறையத் தின்றுகொண்டே. "நான்தானே?"

நான் மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தேன். கஞ்சி கட்டி தட்டக் கூடாது.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செங்கமலம் கையில் உடைந்த ஓட்டோடு ஓடிவந்துவிட்டாள். "ஏண்டி அஞ்சுகம், உன் வீட்டுல புகையுது?"

"ஒரு துண்டு நெருப்பு எடுத்துக்கக்கா. சத்தம் போடாதே."

"சத்தம் எதுக்குடி, ஊருக்கு மூக்கு இல்லையா?" நெருப்புக் கங்குகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். அவளிடமிருந்து அடுத்த வீடு, அதிலிருந்து அடுத்தது, பதினாலு வீடு முடிந்து களம் தாண்டிக் கீழத்தெருக் கொல்லைப்பக்கம், மேலத்தெருக் கொல்லைப்பக்கம். கரண்டியிலும் சிரட்டையிலும் பழைய வாணலியிலும் வைத்துப் பொம்பளைகள் பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு போனார்கள். முன்வாசலில் ஆம்பளைகள் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தார்கள். அக்கினி எத்தனை அடுப்பில் இருந்தாரோ அத்தனை அடுப்பிலும் நான்தான் முதல் என்று சொல்லிப் பார்த்தார். தாளிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அடுப்பைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டு மூட்டினே? இன்னும் ஒரே ஒரு கூட்டம்டி! தாசில்தாரே நம்ம பக்கம் சாய்ஞ்சிருந்தாரு! சாமிக்குக் கட்டின பரிவட்டம் அப்படியே என் தலைக்கு வந்திருக்கும்!"

"கஞ்சி ஆறணும். விசிறியை எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கதவோரம் பார்த்தார், வேறு யாரும் இருந்தால் அதட்டியிருப்பார். ஆளில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். ஊருக்குப் பிறகு என்ன பதில் சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே விசிறினார். சாயங்காலத்துக்குள் ஏகாம்பரம் தன்னால்தான் நெருப்பு வந்தது என்பார், சபாநடேசன் தன்னால் என்பார், இவரும் ஏதாவது சொல்வார். சொல்லட்டும்.

முதல் வாயை அல்லியின் உதட்டில் வைத்தபோது வாசலில் இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. இந்திரனும் வருணனும். வாசனை பிடித்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிலையில் நுழையப் பார்த்து, தோளோடு தோள் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் தேவர்களுக்கு ராஜா" என்றார் இந்திரன், வேட்டியைப் பிடித்திருந்த கையை நீட்ட முடியாமல். "இருநூற்றைம்பது…"

"அவனுக்கு முந்தின ராஜா நான்" என்றார் வருணன். "ஒரு வாய் நெருப்புல விடும்மா. எனக்கு முதல்ல."

"புள்ளை சாப்பிடுது" என்றேன். "மீந்தா தரேன். அங்கேயே நில்லுங்க."

நின்றார்கள். அல்லி ஒரு வாய் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதை என்ன செய்வது என்று யோசிக்கிற மாதிரி வைத்திருந்தாள். விழுங்கினாள். அடுத்த வாயைப் பாதி துப்பினாள். நான் தாடையிலிருந்து வழித்து மறுபடி வைத்தேன். மூன்றாவதற்கு முன்னால் வாசலில் நின்ற மீசையைக் கண்டு, கஞ்சி வழிய வழிய அதையே வேடிக்கை பார்த்தாள். அவள் எப்போதுமே மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளை. இந்திரன் எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தார். இன்னும் முக்கால் கிண்ணம் இருந்தது.